ஃபோர்மன் வீட்டுக் காய்ப்பலகை

போன மாதம் ஞானமுத்து சாரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றிருந்தபோது, எங்கள் பேட்டர்ன் ஷாப்பில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஃபோர்மனைப் பற்றி எழுத நான்தான் சரியான ஆளாம். எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் அனுப்புவார்களாம். அவர்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். லாரிக்குள் அடங்காத பெரிய பேட்டர்ன், விடிய விடிய வேலை, முதலாளியே இறங்கி வந்து கைகொடுத்தது, இப்படி ஏதாவது. அந்தக் கதைகளெல்லாம் சொல்பவர் வசதிக்கு ஏற்ப வளர்ந்து கிடக்கின்றன. நான் எழுதப்போவது காய் நறுக்குகிற பலகையைப் பற்றி. என்னை அதிகம் படுத்திய மரம் அதுதான். சாருடைய மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் கற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐடிஐயில் தச்சு படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். பெருக்கினேன், பசை காய்ச்சினேன், திட்டு வாங்கினேன், ஒருவழியாக இழைப்புளி கைக்கு வந்தது. உருக்கிய இரும்பை ஊற்ற மணலில் ஒரு குழி வேண்டும். அந்தக் குழிக்கான வடிவத்தை முதலில் மரத்தில் செய்துதர வேண்டும். அதுதான் பேட்டர்ன். மரம் கோணினால் இரும்பும் கோணும். இரும்பு ஆறினால் சுருங்கும் என்பதால் எங்களுக்கென்று தனி அளவுகோல் உண்டு. அதில் ஓர் அடி என்பது ஊரில் இருக்கிற ஓர் அடியைவிடக் கொஞ்சம் நீளம். இப்போது அங்கே கம்ப்யூட்டரில் வரைந்ததை இயந்திரம் செதுக்கித் தள்ளுகிறது. நன்றாகவே செதுக்குகிறது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

ஞானமுத்து சார் எங்கள் ஃபோர்மன். நாசரேத் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, அடிக்கடி துடைக்கிற கண்ணாடி. யாரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார், பெருக்குகிற பையனைக்கூட. செய்து முடித்த பேட்டர்னை வார்ப்பிரும்பு மேடையில் வைக்கச் சொல்வார். அந்த மேடை கண்ணாடிபோல் சமதளம். அதில் வைத்த மரத்தின் ஒவ்வொரு மூலையையும் ஒற்றை விரலால் அழுத்துவார், தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எங்கள் காதுக்குக் கேட்காத சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கும். "பேசுது" என்பார். "இன்னொரு தடவ பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அவ்வளவுதான் திட்டு. அதற்குப் பதிலாக நாலு அறை கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

இன்னொன்றும் கேட்பார். "தப்பு மரத்துலயா, வேலையிலயா?" வேலையில் என்று ஒப்புக்கொண்டால் தலையை ஆட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடுவார். பொய் சொன்னால்தான் ஆபத்து. எங்களோடு இருந்த முனுசாமி ஒரு மழைக்காலத்தில் பம்பு உறைக்கு ஒரு பேட்டர்ன் செய்தான். இணைப்பு வாய் பிளந்துகொண்டது. மரம் சரியில்லை சார் என்றான். சார் உளியை எடுத்து அந்த இணைப்பைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பாதி இடத்தில் பசையே தடவவில்லை. அதன் பிறகு வெகுநாள் அவர் முனுசாமியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வேலை சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்புவார். முனுசாமி டீக்கடையில் என்னிடம் புலம்பித் தீர்த்தான். "இன்னா நைனா இது, பொண்டாட்டி கோச்சிக்கினாகூட சோத்தப் போட்டுட்டுத்தான் மூஞ்சத் திருப்புவா. இந்த மன்சன் நான் நிக்கறதே தெரியாத மாரி தாண்டிப் போய்க்கினு கீறாரே."

சொந்த வேலை கம்பெனிக்குள் செய்யக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். தொட்டில் கம்புக்கு முனை சீவிக்கொள்ளக்கூட விடமாட்டார். வேறு பகுதிகளில் ஆளாளுக்குச் சப்பாத்திக் கட்டை கடைந்துகொண்டு போவார்கள். நாங்கள் வேடிக்கை பார்ப்போம்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் சேக்காட்டில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பொருள். நான் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. "ஆரோக்கியம், ஒரு உதவி" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அப்போதுதான் கேட்டேன்.

வேட்டிக்குள் இருந்தது வேப்பமரத்தில் செய்த காய் நறுக்கும் பலகை. நல்ல தடிமன். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு இறங்கும், அவ்வளவு கனம். ஆனால் பாத்திரம்போல மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் தொந்தி விழுந்திருந்தது. தரையில் வைத்துத் தொட்டால் தொட்டில்போல ஆடியது.

அவர் மனைவி எஸ்தரம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். உயிர் பிழைத்து நடக்க ஆரம்பித்ததும் தெரியும். தெரியாததை அன்றைக்குச் சொன்னார். வலது கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அருவாமனையில் காயைத் தள்ள இரண்டு கை வேண்டும். அதை ஓரங்கட்டிவிட்டு, இடது கையில் கத்தி பிடித்து, இந்தப் பலகையில் நறுக்கப் பழகியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பலகை வழுக்கிக்கொண்டு போகிறது, இது கனமாக இருப்பதால் வைத்த இடத்தில் இருக்கிறது. ஆனால் இப்போது ஆடுகிறது. போன வாரம் கத்தி வழுக்கி விரலில் ஆழமாக இறங்கிவிட்டது. செம்பரம்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டியிருக்கும் மகன் வந்து பார்த்துவிட்டு, சமையலுக்கு ஆள் வைத்துவிடலாம், அம்மா கையில் இனிமேல் கத்தி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

"அவன் சொல்றதும் நியாயம்தான்" என்றார் சார். "ஆனா படுக்கையில இருந்து எழுந்ததே அடுப்படிக்குப் போகணும்ங்கிற பிடிவாதத்துலதான். அதையும் எடுத்துட்டா அவ திரும்பவும் படுத்துருவா. பலகை பேசாம இருந்தாப் போதும். மிச்சத்தை நான் பையன்கிட்ட பேசிக்கிடுதேன்."

அதனால் அது வெறும் பலகை இல்லை என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

கோணின மரத்தை அவசரப்பட்டு இழைக்கக் கூடாது. முதலில் அதன் ஈரம் இறங்க வேண்டும். நிழலில், காற்று இரண்டு முகத்திலும் படுமாறு நிமிர்த்தி வைத்தேன். தானாகத் திரும்பும் கோணல் எவ்வளவோ அவ்வளவும் திரும்பட்டும். மிச்சம் நிற்பதுதான் நம் வேலை. காய்ந்த பிறகு ஒரே உயரத்தில் இரண்டு குச்சிகளைப் பலகையின் இரண்டு முனையிலும் வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல் ஒன்றாகப் பார்த்தேன். குழிவோடு கொஞ்சம் முறுக்கும் இருந்தது. குழிந்த பக்கத்தைக் கீழே வைத்து, அது ஆடாமலிருக்க ஓரங்களுக்கு அடியில் மெல்லிய ஆப்பு செருகினேன். இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்வார்கள். பலகையைப் பட்டறை மேசையோடு சேர்த்து இறுக்கிவிட்டு இழைப்பார்கள். இறுக்கும்போது மரம் பயந்து நேராக நிற்கும், விட்டதும் பழைய கோணலுக்கே போகும். நான் அழுத்தாமல் பிடித்து, மேடு தெரிவதற்காகத் தொந்தியில் சாக்பீஸ் தேய்த்து, முதலில் குறுக்குவாட்டில் இழைத்தேன். வேம்பின் ரேகை ஒரு பக்கம் போகாது, பின்னிக்கொண்டு வரும். நேராகத் தள்ளினால் சதையைப் பிய்க்கும். குறுக்கே, அப்புறம் சாய்வாக, கடைசியில்தான் நீளவாக்கில், அதுவும் இழைப்புளித் தகட்டைத் தீட்டித் தீட்டி. பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம்.

வீட்டில் வார்ப்பிரும்பு மேடைக்கு எங்கே போவது? ஒரு கடை மேசையில் இருந்த தடித்த கண்ணாடி என்னிடம் இருந்தது. அதன்மேல் வைத்தேன். சார் வந்து மூலைக்கு மூலை விரலால் அழுத்தினார். பலகை பேசவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. கழுவினதும் பலகையை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு நறுக்கச் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்.

மாதம் திரும்புவதற்குள் பலகை திரும்பி வந்தது. அதே தொந்தி. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுபடியும் காயவைத்து, மறுபடியும் இழைத்து, மூன்று வகை வெளிச்சத்தில் பார்த்து அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. இந்தத் தடவை சார் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தப்பு மரத்துலயா, வேலையிலயா?"

தெரியவில்லை சார் என்றேன். நிமிர்த்தி வைக்கிறார்களா என்று கேட்டேன். தினமும் வைப்பதாகச் சொல்கிறாள், அவள் சொன்னால் செய்வாள் என்றார். மகன் அடுத்த ஞாயிறு சமையலுக்கு ஒரு பெண்ணை அழைத்து வருவதாகவும் சொன்னார்.

அவர் போன பிறகு பலகையை வெயிலில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் கறுத்து, பூஞ்சை பிடித்து, சமையல் மேடைக் கல்லின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. கத்திக் கோடுகள் மேல்பக்கத்தில் மட்டும், அதுவும் இடது ஓரத்தில் மட்டும், எல்லாம் ஒரே சாய்வில். இந்தப் பலகை திருப்பப்படவும் இல்லை, நிமிர்த்தப்படவும் இல்லை. வைத்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. எஸ்தரம்மா சொல்வது பொய் என்று மரம் சொன்னது. ஆனால் அவர்கள் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பலகையோடு என் மனைவி ரீட்டாவை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சார் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். சமையல் மேடையில் கடப்பாக்கல். பலகையை வைத்து, எப்போதும் போல நறுக்குங்கள் அம்மா என்றேன். கத்தரிக்காயை வைத்து, வலது கையை இடது கையால் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். அந்தக் கை பிடிக்கவில்லை, வெறும் பாரமாகக் கிடந்தது. இடது கையால் நறுக்கினார்கள். முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைப் பலகைமேல் ஊற்றித் துணியால் துடைத்தார்கள். தண்ணீர் வழிந்து பலகைக்கும் கல்லுக்கும் நடுவே போய்த் தங்கியது. மேலே காற்று, கீழே ஈரம். தொந்தி விழாமல் என்ன செய்யும்?

நிமிர்த்தி வைப்பதில்லையா அம்மா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் மடத்தனம் எனக்கே உறைத்தது. அந்தக் கனத்தை ஒற்றைக் கையால் யார் நிமிர்த்துவது?

அவர்கள் கொஞ்ச நேரம் ரீட்டாவின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் சொன்னார்கள். "இந்தக் கை வரல தம்பி. வரவும் வராது. தினம் சாயந்திரம் அவங்க பக்கத்துல உக்காந்து, ரப்பர் பந்தை என் கையில வச்சு அமுக்கச் சொல்லுதாங்க. நேத்தைக்கு இன்னைக்குத் தேவல எஸ்தர்னு சொல்லும்போது அந்த முகத்தை நீங்க பாக்கணும். என்னால இல்லன்னு சொல்ல முடியல. ஆமா, பலகையத் தூக்கி வச்சேன், தண்ணிக் குடத்த நகத்துனேன்னு சொல்லிட்டு வாறேன். நீங்க சொல்லிராதீங்க."

ரீட்டா அழுதுவிட்டாள். காய் நகராமல் பிடித்துக்கொள்ள இரண்டு ஆணி அடித்துத் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். ஒற்றைக் கைக்காரர்கள் காயை ஆணியில் குத்திவைத்து நறுக்கலாம். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார்கள். "ஆணியப் பாத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

கிளம்புமுன் அளவுச்சட்டத்தைக் கடப்பாக்கல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். நடுவில் தேய்ந்து குழியாக இருந்தது. பேட்டர்ன் வேலைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனத்தை நான் செய்திருந்தேன். உலகத்திலேயே சமமான ஒரு கண்ணாடியின் மேல் பலகையைச் சரிபார்த்துவிட்டு, அது வாழப்போகிற கல்லைப் பார்க்கவே இல்லை.

மூன்று கால் வைத்த பொருள் எந்தக் கல்லிலும் ஆடாது. நாலாவது கால்தான் வம்பு. பலகையை மறுபடி சமமாக்கி, அடியில் கட்டை விரல் உயரத்துக்கு மூன்று தேக்குக் கால் வைத்தேன், நுனியில் ரப்பர். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் நடுவில் ஒன்று. பின் மூலையில் யாராவது அழுத்தினால் கவிழும் அல்லவா, அதனால் அந்த இரண்டு மூலையையும் வளைவாக அறுத்து எடுத்துவிட்டேன். இல்லாத இடத்தில் யாரும் அழுத்த முடியாது. இனி அடியில் காற்று போகும், தூக்கவே வேண்டியதில்லை.

சனிக்கிழமை சார் வந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். அடியில் கை விட்டுத் துழாவினார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. தப்பு எதில்?

"கல்லுல சார். கல்லு நடுவுல குழி."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். ஆனால் கூடமும் கோணல்தான் என்பதால் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முனுசாமிக்கு நடந்தது ஞாபகம் வந்தது.

"கல்லு குழின்னா பலகை ஆடும். சரி" என்றார். "கோணுனது எதுக்கு?"

நான் பட்டறைமேல் கிடந்த மரச்சுருளைக் கையால் தள்ளிவிட்டேன்.

"காலை இவ்வளவு உயரமா வச்சிருக்கீங்க. அடியில காத்து போகணும். தினம் தூக்கி நிமித்துற பலகைக்கு அது எதுக்கு?" கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணியைத் தேடினார், சட்டைப் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. "அப்ப அவ தூக்கவே இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் பட்டறைமேல் உட்கார்ந்தார். பட்டறைமேல் யாரையும் உட்காரவிடாத மனிதர். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார் என்று நினைத்தேன். நேராகப் பார்த்தார்.

"அவ கேட்டா நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல." பிறகு பலகையின் வலது ஓரத்தைத் தடவி, "இங்க ரெண்டு ஆணி அடிச்சிக் குடுங்க. துருப்பிடிக்காத ஆணி. கீழ இருந்து மேல முனை வரணும்" என்றார்.

அம்மா ஆணி வேண்டாம் என்றார்கள் சார் என்று வாய்வரை வந்துவிட்டது.

"எனக்குத்தான்" என்றார். "ரிட்டயர் ஆகப்போறேன், காய் நறுக்கப் பழகிக்கிடுதேன். எனக்கு வெங்காயம் வழுக்குது. அப்படித்தான் வீட்டுல சொல்லப்போறேன்."

மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மா நறுக்குவதை நின்று பார்த்தானாம். பலகை ஆடவில்லை. அழைத்து வந்த பெண்ணைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. கத்தி எஸ்தரம்மாவிடமே இருந்தது. சார் ஓய்வு பெற்றார், பின்னாலேயே நானும் ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக்குப் போவோம். சாயந்திரமானால் ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு அவர் அம்மாவின் பக்கத்தில் உட்காருவார். நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை என்பார். ஆமாம் என்பார்கள்.

போன வாரம், இதை எழுதலாமா என்று கேட்கச் செம்பரம்பாக்கத்தில் சாருடைய மகன் வீட்டுக்குப் போனேன். எஸ்தரம்மா அங்கேதான் இருக்கிறார்கள். புது வீடு, பளபளவென்று கிரானைட் மேடை. மேலே அதே பலகை. பீட்ரூட்டை ஆணியில் குத்தி இடது கையால் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வந்த விஷயத்தைச் சொன்னேன். சார் அன்றைக்கு என் பட்டறையில் உட்கார்ந்ததை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தயங்கினேன். அவர்களே ஆரம்பித்தார்கள்.

"அவங்களுக்குக் கடைசி வரைக்கும் ஒரு வெங்காயம் நறுக்க வரல தம்பி. கத்தியவே எடுத்தது இல்ல. ஆணி யாருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்." கத்தியை வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். "தெரியும்னு சொல்லியிருந்தா பந்தை எடுத்து வச்சிருவாங்க. அப்புறம் சாயந்திரம் யார் பக்கத்துல வந்து உக்காருவா? எழுதுங்க. இனிமே யாருக்கு மறைக்க?"

பழக்கதோஷம், பலகையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். பேசவில்லை. அவர்கள் அடுத்த பீட்ரூட்டை எடுத்து ஆணியில் குத்தினார்கள்.